கொடிக்கு முடிச்சுப் போட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நலமா? மலையில் மழை விட்டதா? சேலத்தில் புழுக்கம் தாங்கவில்லை. ஒரு உதவி வேண்டித்தான் எழுதுகிறேன். எங்கள் அபார்ட்மென்டில் இந்த ஆகஸ்ட் 15க்குக் கொடி கட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, நீங்கள் கொடி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்று எப்போதோ அளந்து வைத்த பலன்.

பார்த்தேன், சரி. கற்றுக்கொண்டேனா?

முந்தின நாள் சாயங்காலமே கயிற்றை விடுதி அடுப்படியில் காயப் போடுவீர்கள். பனிமூட்டத்தில் நனைந்த பருத்திக் கயிறு உப்பிக்கொண்டு முடிச்சை விடாது என்பீர்கள். சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ரோஜா இதழைச் செய்தித்தாளில் பரப்பி, ஈரம் போன பிறகுதான் கொடிக்குள் வைப்பீர்கள். காவி எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்ப்பீர்கள். அப்புறம் அந்த உருவாஞ்சுருக்கு. காற்றுக்கு அவிழக் கூடாது, ஒரே இழுப்புக்கு அவிழ வேண்டும். விரல் போகும் வேகத்தில் எனக்கு எதுவும் புரிந்ததில்லை.

நீங்கள் காய்ச்சலில் படுத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வேறு ஒருவர் கட்டினார். சிறப்பு விருந்தினர் இழுத்தார், இழுத்தார், கம்பமே ஆடியது. அதற்குள் பாடகர் குழு தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டது. 52 விநாடியும் மூட்டைக்கு சல்யூட் அடித்தபடி நின்றோம். கடைசியில் கீழே இறக்கி, ஒருவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஈர இதழெல்லாம் லட்டு மாதிரி ஒரே உருண்டையாக விழுந்தது. ஆரஞ்சு மிட்டாயை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 15க்குக் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், ஜனவரி 26க்கு மேலேயே கட்டி வைத்து அவிழ்த்துப் பறக்கவிட வேண்டும் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். ஆகஸ்ட் 15தான் வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய நாள் என்பீர்கள். செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16 அன்று என்பதை மட்டும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கயிற்றை யார் இழுப்பது என்பதற்கும் ஒரு கதை உண்டு அண்ணா. சுதந்திர தினத்தன்று சென்னைக் கோட்டையில் முதல்வர் கொடியேற்றும் உரிமையே 1974இல்தான், கருணாநிதி கேட்டு வாங்கிய பிறகு வந்தது. அதுவரை ஆளுநர்கள்தான். இங்கே காந்தி மைதானத்தில் கலெக்டர் ஏற்றுவார். போலீஸ் அணிவகுப்பு, மூவர்ண பலூன், பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஊராட்சியில் தலைவர் ஏற்ற வேண்டும். ஆனால் பட்டியல் சமூகத் தலைவர்களை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2022 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 75 வருஷம் கழித்து! படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அத்தனை வருஷம் முடிச்சுப் போட்டீர்கள். ஒரு தடவையாவது கயிற்றை உங்கள் கையில் கொடுத்தார்களா? நானும் அதை அப்போது யோசிக்கவில்லை.

அபார்ட்மென்டுக்கு வாங்கி வைத்திருப்பது பாலியெஸ்டர் கொடி. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி அதையும் அனுமதித்துவிட்டார்கள். மழைக்குத் தாங்கும், மலிவு, ஆனால் மடித்தால் மடிப்பு நிற்காமல் வழுக்குகிறது. கயிறும் நைலான். நேற்று மொட்டைமாடியில் மூன்று தடவை கட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை தானே அவிழ்ந்தது, மூன்றாவது தடவை கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் 14ஆம் தேதியே வந்துவிடுங்கள். இப்போதுதான் ரிடையர் ஆகிவிட்டீர்களே, பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்ல முடியாது. இருபது வளைவும் இறங்கி வந்தால் பஸ் ஸ்டாண்டில் நானே நிற்கிறேன். முடிச்சை நான் போடுகிறேன், பக்கத்தில் நின்று திட்டுங்கள். காலையில் கயிற்றை இழுப்பது நீங்கள்தான். சங்கக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டேன். நைலான் கயிறு சரிப்படுமா, பருத்தியே வாங்கி வைக்கட்டுமா? அதை மட்டும் போனில் சொல்லுங்கள்.