'மற்றும் குழுவினர்' என்பவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியில் அடுத்த மாதம் நடைபெறவிருக்கும் ஜாஸ் விழாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்ததைக் கண்டு மகிழ்ந்த வாசகர்களில் நானும் ஒருவன். கேட்போர் குறைவாக உள்ள ஓர் இசைவகைக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் தருவது எளிதாக நடக்கக்கூடியதல்ல என்பதை அறிவேன். ஆகவே நன்றியைத் தெரிவித்துவிட்டே என் குறையைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் 12 குழுக்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர், அதை அடுத்து 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்கள். ஒரு குழுவுக்கு நான்கு பேர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஏறத்தாழ 36 கலைஞர்கள் பெயரில்லாதவர்களாக மேடையேறப் போகிறார்கள்.

இது தங்கள் இதழின் தவறு மட்டுமன்று. விழாக் குழுவினர் அனுப்பிய அறிக்கையே அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எனினும், எந்தக் கலையில் இந்தச் சுருக்கம் பெருந்தீங்கு செய்யாதோ அந்தக் கலையில் செய்துவிட்டுப் போகலாம், ஜாஸில் செய்யக்கூடாது.

கட்டுரையாளர் 'பக்கவாத்தியக் கலைஞர்கள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். தமிழில் கைக்கு எட்டும் சொல் அதுதான், நானும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆயினும் ஒரு ஜாஸ் நால்வர் குழு மேடையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று உற்றுக் கேட்டால் அந்தச் சொல் போதாது என்பது விளங்கும். பெரும்பாலான பழைய பாடல்கள் 32 தாள அளவுகள் கொண்டவை. அவற்றின் சுரக்கூட்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் 'கார்டு'கள்) ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்திருக்கும். முதலில் அனைவரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு அதே சட்டகத்தின்மீது திரும்பத் திரும்பச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு கோரஸ். சாக்ஸஃபோன் வாசிப்பவர் தம் மனோதர்மத்தை விரிக்கும்போது, பியானோக்காரர் அந்தச் சுரக்கூட்டுகளை எப்படிப் பிரிப்பது, எங்கே வைப்பது, எங்கே கையை எடுத்துவிட்டு மௌனமாக இருப்பது என்பதைக் கணந்தோறும் தீர்மானிக்கிறார். ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸை (சுருக்கமாக, பேஸ்) வாசிப்பவர் தாளத்தையும் சுருதியின் அடித்தளத்தையும் ஒரே கையில் தாங்குகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் சிம்பலில் காலத்தை ஓடவிட்டபடியே, முன்னால் நிற்பவர் முடிக்காத வாக்கியத்தை முடித்து வைக்கிறார். இவர்களில் யாருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட வாசிப்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. ஒருவரை மாற்றினால் அதே பாட்டு அன்றிரவு வேறு பாட்டாகிவிடும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜாஸ் விழாக்களின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் 1954ஆம் ஆண்டு தொடங்கிய விழாவில், 1956 ஜூலை 7ஆம் நாள் இரவு பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ட்யூக் எலிங்டனின் இசைக்குழு மேடையேறியது. பெரிய இசைக்குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. எலிங்டன் 1937இல் அமைத்த ஒரு புளூஸ் (கறுப்பின அமெரிக்கரிடையே பிறந்த பாட்டு வடிவம்) உருப்படியின் இரண்டு பகுதிகளுக்கும் இடையே, டெனர் சாக்ஸஃபோன் வாசித்த பால் கோன்சால்வெஸ் எழுந்து நின்று 27 கோரஸ்கள் இடைவிடாமல் வாசித்தார். பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட ஒரு புளூஸை 27 முறை சுற்றிவருவது என்றால் 324 அளவுகள்! கூட்டம் இருக்கைகளை விட்டு எழுந்து ஆடத் தொடங்கியது. அடுத்த மாதம் எலிங்டனின் படம் 'டைம்' இதழின் அட்டையில் வந்தது. அட்டையில் எலிங்டன் வந்தது நியாயமே. ஆனால் அந்த இரவை ஆக்கியவர் கோன்சால்வெஸ், அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் டிரம்ஸில் சாம் உட்யார்ட், பேஸில் ஜிம்மி உட். இன்னொருவரும் உண்டு. கவுன்ட் பேஸியின் குழுவில் முன்பு டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், மேடை ஓரத்தில் நின்றுகொண்டு, சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி வாத்தியக்காரர்களை உசுப்பிக்கொண்டிருந்தார். ஜாஸ் வரலாற்றில் செய்தித்தாளுக்கு இப்படியும் ஓர் இடம் உண்டு என்பதை ஒரு செய்தித்தாளின் ஆசிரியரிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரவில் கோன்சால்வெஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிவாங்கியை விட்டுவிட்டு, வானொலி ஒலிபரப்புக்காக வைத்திருந்த ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துவிட்டார். அதனால் வெளிவந்த இசைத்தட்டில் அவருடைய வாத்தியமே சற்று எட்டத்தில் ஒலித்தது. வானொலியின் ஒலிநாடா பின்னாளில் கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பிறகுதான் அந்த வாசிப்பு முழுமையாகக் கேட்டது. பெயர் முன்னால் இல்லாதவருடைய இசை தெளிவாகக் கேட்க 43 ஆண்டுகள் ஆயின.

இன்றைய பக்கவாத்தியக்காரர் நாளைய தலைவர் என்பதும் ஜாஸில் அன்றாடம் நடப்பது. 1963 ஜூலையில் பிரான்சின் ஆண்டீப் விழாவில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்தார். அன்று சுவரொட்டியில் அவர் பெயரை மட்டும் படித்துவிட்டு வந்தவருக்கு, டிரம்ஸின் பின்னால் அமர்ந்திருந்த டோனி வில்லியம்ஸுக்கு வயது 17 என்பதோ, பியானோவில் இருந்தவர் ஹெர்பி ஹான்காக் என்பதோ, பேஸ் வாசித்தவர் ரான் கார்ட்டர் என்பதோ தெரிந்திருக்காது. அடுத்த சில ஆண்டுகளில் ஜாஸ் தாளத்தின் இலக்கணத்தையே மாற்றப் போகும் மூவர் அவர்கள். ரான் கார்ட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸில் மிக அதிகமான ஒலிப்பதிவுகளில் வாசித்த பேஸ் கலைஞர் என்று 2015இல் கின்னஸ் நிறுவனம் அவரை அங்கீகரித்தபோது கணக்கு 2,200ஐத் தாண்டியிருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வேறு யாருடைய பெயரிலோ வெளிவந்தவை. 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களுக்குள் அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அடக்கிவிடலாம் என்றால் அந்தச் சொற்களைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும்.

இதே போல் 1957 நியூபோர்ட் விழாவில் டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவில் பின்வரிசையில் டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது நிறைய இன்னும் சில நாள்கள் இருந்தன. அதே குழுவில் டிராம்போன் வாசித்தவர் மெல்பா லிஸ்டன் என்ற பெண்மணி; இசையமைப்பை எழுதுவதிலும் வல்லவர். ஜாஸில் பெண்கள் என்றாலே பாடகியர் என்ற எண்ணம் பரவியிருப்பதற்கு, வாத்தியம் வாசித்த பெண்களின் பெயர்கள் இந்தப் பின்வரிசையிலேயே தங்கிவிட்டதும் ஒரு காரணம். தங்கள் பக்கத்தில் அச்சிட்டிருந்த குழுப் படங்களிலும் டிரம்ஸின் பின்னால் ஒரு பெண் அமர்ந்திருப்பதைக் கண்டேன். அவர் யார் என்று எந்த வரியிலும் இல்லை.

இன்னொரு நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவில் ஸ்காட் லஃபாரோ பேஸ் வாசித்தார். டிரம்ஸ் பால் மோஷியன். 1961 ஜூன் 25ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் அரங்கில் அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பேஸ் என்ற வாத்தியம் பின்னணியில் நடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை, பியானோவுடன் சரிக்குச் சரியாக உரையாடலாம் என்று அந்தப் பதிவு காட்டியது. ஜூலைத் தொடக்கத்தில் லஃபாரோ நியூபோர்ட் விழாவில் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வாசித்தார். ஜூலை 6ஆம் நாள் சாலை விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அன்று கெட்ஸைக் கேட்பதற்காகவே விழாவுக்கு வந்து, பின்னால் நின்ற இளைஞரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

எனக்கும் அப்படி ஆகவிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், புகழ்பெற்ற ஒரு பாடகியைக் கேட்கச் சென்றிருந்தேன். அவர் நன்றாகவே பாடினார். ஆனால் மூன்றாவது பாட்டில் அவர் ஒதுங்கி நின்றதும், பேஸ் வாசித்தவர் வில்லை எடுத்துத் தந்திகளின்மீது இழுத்து மிக மெதுவான ஓர் ஆலாபனை செய்தார். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன், பெயர் இல்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியவில்லை. அறிவிப்பாளரைக் கேட்டேன், கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் மேடையின் பின்புறம், வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தவரிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அவர் என் நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் வாசித்த நான்கு இசைத்தட்டுகளைத் தேடி வாங்கியிருக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் அந்த நான்கும் எனக்கு இல்லை.

தலைவரின் பெயர் மட்டும் போதும் என்று வாதிடுபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலிங்டன் 1974இலும் கவுன்ட் பேஸி 1984இலும் காலமானார்கள். அவர்கள் பெயர் தாங்கிய இசைக்குழுக்கள் அதற்குப் பின்னும் ஊர் ஊராகச் சென்று வாசித்தன. அதைத் தவறென்று சொல்லவில்லை. நல்ல கலைஞர்கள் பலர் அவற்றில் இருந்திருக்கிறார்கள். ஆனால் இத்தகைய குழு ஒன்று விழாவுக்கு வருகிறது என்ற செய்தியில், மேடையில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நாம் எதையுமே சொல்லவில்லை.

விழா நடத்துவோருக்கும் முன்வரிசைப் பெயர்களின்மீது மயக்கம் உண்டு என்பதும், கலைஞர்கள் அதைச் சகித்துக்கொண்டே இருக்கவில்லை என்பதும் பழைய கதைதான். 1960இல் நியூபோர்ட் விழாவின் வணிகப் போக்கையும் ஊதிய முறையையும் எதிர்த்து, அதே நகரில் அதே நாள்களில் ஒரு போட்டி விழா நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்கள் சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச். முன்னவர் பேஸ் கலைஞர், பின்னவர் டிரம்ஸ் கலைஞர். இருவருமே சொந்தக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர்கள்தான் என்றாலும், அவர்களுடைய வாத்தியங்களைக் கவனியுங்கள்.

இடப் பற்றாக்குறை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். ஜாஸ் இசைத்தட்டுகளின் பின்னட்டைகள் பல பத்தாண்டுகளாக இதற்கு வழிகாட்டியிருக்கின்றன: பெயர், அதற்கு எதிரே வாத்தியம், சிறிய எழுத்து, அவ்வளவுதான். குழுவுக்கு ஒரு வரி அல்லது இரண்டு வரி. பெரிய படங்களில் ஒன்றைச் சற்றுச் சுருக்கினாலே 12 குழுக்களுக்கும் இடம் கிடைத்துவிடும். வாத்தியத்தின் பெயரைச் சேர்க்கும்போது கொஞ்சம் கவனமும் தேவை. படம் ஒன்றின் கீழே 'கிளாரினெட் வாசிக்கும் கலைஞர்' என்று இருந்தது. அவர் கையில் இருந்தது சோப்ரானோ சாக்ஸஃபோன். நேராக நீண்டிருப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவர் ஏமாறுவது இயல்பே. ஆயினும் கிளாரினெட் பெரும்பாலும் கருமரத்தில் செய்யப்படுவது, சாக்ஸஃபோன் பித்தளையில் செய்யப்படுவது என்ற ஒரு வேறுபாடே அடையாளம் காணப் போதும்.

சில குழுக்களில் கலைஞர்கள் கடைசி நேரத்தில் மாறுவார்கள் என்பது உண்மை; ஒருவருக்கு உடல்நலம் குன்றும், இன்னொருவர் வேறு பயணத்தில் இருப்பார். அப்படி மாறினால் விழாக் குழுவினர் அதை அரங்கின் வாசலில் எழுதி வைக்கலாம், அறிவிப்பாளர் மேடையில் சொல்லலாம். விழா முடிந்த பின் தங்கள் இதழில் வரும் விமர்சனத்திலும், எந்த இரவில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற விவரம் இடம்பெற்றால் பல ஆண்டுகள் கழித்துத் தேடுபவருக்கு அது ஆவணமாக இருக்கும்.

முக்கியக் கலைஞர்களாக அழைக்கப்பட்டிருப்பவர்களில் இருவர் ஜாஸ் கலைஞர்களே அல்லர் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் இதே பகுதியில் வருந்தியிருந்தார். அந்த விவாதத்தில் நான் இறங்க விரும்பவில்லை. அந்த இருவருக்கும் பின்னால் நிற்கப் போகிறவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த வாசகர் எழுப்பிய குறைக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. முழுப் பட்டியலை விழாக் குழுவினரிடமிருந்து பெற்று வெளியிடுமாறு வேண்டுகிறேன். அது உடனே இயலாவிட்டால், இரண்டாம் நாள் மாலை வாசிக்கவிருக்கும் மூவர் குழுவில் பேஸ் வாசிப்பவர் யார் என்பதை மட்டுமாவது கேட்டுச் சொல்லுங்கள். எந்த நாளுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்