பெஞ்சில் இடம் விட்ட அம்மாவுக்கும் சபையார் எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லோர் முன்னும் நான் தடுமாறிப்போனதை உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ அது இன்னும் நடந்து முடியவே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் வரும். பல் துலக்கும்போது வரும். வரும்போதெல்லாம் அன்றைக்குப் போலவே காது சூடாகும். பாவம் என்றால் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கலாம், வெட்கத்தை என்ன செய்வது? அது தெரியாமல்தான் ஒரு வருஷமாக ஆலயத்துப் பக்கமே வராமல் இருந்தேன்.

போன ஞாயிறு, யார் கண்ணிலும் படக்கூடாது என்று பாட்டு தொடங்கிய பிறகே உள்ளே நுழைந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, பாடிக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தார்கள். வயதான விரல், லேசாக நடுங்கியது. வரி முடிய முடிய அடுத்த வரிக்கு நகர்ந்தது. கடைசிச் சரணத்தில் எனக்குக் குரல் வந்தது.

"இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று கேட்கவில்லை. "அதையெல்லாம் மறந்துவிடு" என்றும் சொல்லவில்லை. அம்மா, அந்த இரண்டையும் நீங்கள் சொல்லாததற்குத்தான் இந்த மடல்.

அன்று வாசித்தது மத்தேயு 1ஆம் அதிகாரம். கூடி வாழும் முன்பே கர்ப்பமாயிருந்த மரியாளை அவமானப்படுத்த, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த யோசேப்புக்கு மனதில்லை. அந்தப் பிள்ளை பரிசுத்த ஆவியால் உண்டானது என்று தூதன் சொப்பனத்தில் வந்து விளக்கியது அதற்குப் பிறகுதான். உண்மை தெரிவதற்கு முன்பே, சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தபோதே, அவளை ஊர் வாயில் போட அவருக்கு மனசு வரவில்லை. நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இப்படிப்பட்டவர் கையில்தான் தேவன் தம் பிள்ளையைக் கொடுத்தார் என்பது, அம்மா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வருஷம் முழுக்க ஜெபித்தவர்கள், நான் போனை எடுக்காதபோதும் விடாமல் கூப்பிட்டவர்கள், வாசலில் கையைப் பிடித்துக்கொண்ட ஆயர், ஓடிவந்து சூழ்ந்துகொண்ட ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் என் நன்றி.

அந்த நினைவு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நேற்று ராத்திரியும் வந்தது. அதன் பின்னாலேயே அந்த விரலும் வந்தது. இனி ஆராதனையில் யார் தடுமாறினாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். இது கர்த்தருக்கு முன்பாக நான் செய்யும் பொருத்தனை.

கிறிஸ்துமஸ் காலையில் பாட்டு தொடங்கும் முன்பே வந்துவிடுவேன். அம்மா, அதே ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்.