பத்து மாதம் மேலே இருந்தோம்

லூட்டன்,
09.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய ஆறுதல். அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே. தங்கச்சி சொல்வதைக் கொஞ்ச நாளைக்காவது கேள்.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்தாயே, "பிரீமியர் லீக்கின் இருபது உதைபந்தாட்டக் கழகத்தில் உங்கட லூட்டன் பதினெட்டாவது, 38 ஆட்டத்தில் 24 தோல்வி, இதற்கு ஏனடா இவ்வளவு உருகுகிறாய்?" என்று. வேலையில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நீ லிவர்பூல்காரன். உங்கட முகாமையாளர் குளொப் விடைபெற்ற துக்கமே உனக்கு இன்னும் ஆறியிருக்காது. அவர் அன்ஃபீல்டில் கையசைத்துப் போன அதே மே 19 பின்னேரம், நான் இங்கே எங்கள் கெனில்வேர்த் வீதி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் அதைச் சொல்கிறேன்.

ஃபுல்ஹாமோடு கடைசி ஆட்டம். கடைசி மூன்று கழகமும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். கணக்குப்படி நாங்கள் இன்னும் இறங்கவில்லை. நாங்கள் வென்று, நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் தோற்று, இடையில் பன்னிரண்டு கோல் வித்தியாசமும் சரிக்கட்டப்பட்டால் தப்பலாம். நடக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். 4-2 என்று தோற்றோம். விசில் ஊதினதும் வீட்டுக்குப் போக எழும்பினேன். பக்கத்துக் கதிரைப் பெரியவர் என் சேர்ட் கையைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்த்தால் சனம் அசையவில்லை. எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையும் சிவக்கச் சிவக்கத் தட்டினார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வெளிநாட்டில் இருக்கும் மகனின் சீசன் டிக்கெட்டில்தான் இடைக்கிடை என்னையும் கூட்டிப் போவார். 1988இல் லூட்டன் ஆர்சனலை 3-2 என்று வென்று லீக் கிண்ணம் எடுத்ததை வெம்பிளியில் நேரே பார்த்தவர். 1992இல் முதல் பிரிவிலிருந்து கழகம் இறங்கியபோதும் அழுதவர். அந்த ஓகஸ்டில்தான் பிரீமியர் லீக் என்ற பெயரே தொடங்கியது. ஒரு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் எல்லாம் வேறுமாதிரி இருந்திருக்கும். அதற்குப் பிறகு, கழகம் மறுபடி மேலே வர அவர் காத்திருந்தது 31 வருடம்.

நீ இந்த மைதானத்தை ரீவியில் பார்த்திருப்பாய். அதன் உண்மையான அளவு ரீவியில் தெரியாது. பன்னிரண்டாயிரம் பேரளவுதான் கொள்ளும். எங்கட பெரி பார்க் கடைத்தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். ஹலால் இறைச்சிக்கடை, சல்வார்த் துணிக்கடை, பள்ளிவாசல், அதற்குப் பின்னால் வரிசைவீடுகள், அந்த வீடுகளுக்கு முதுகை ஒட்டிக்கொண்டு மைதானம். எதிரணி ரசிகர்கள் உள்ளே போகிற வாசல் ஓக் ரோட்டில், இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. மேலே ஆட்கள் படுத்துறங்குகிற அறை, கீழே நுழைவாயில். அதைத் தாண்டி இரும்புப் படியில் ஏறினால், காலடியில் வீட்டுக்காரரின் பின்வளவு. கொடியில் காயப்போட்ட உடுப்புத் தெரியும். உலகத்தின் பணக்கார லீக் என்கிறார்களே, அதன் ரசிகர்கள் ஒரு வருடம் முழுக்க இந்தப் படியால்தான் ஏறி இறங்கினார்கள்.

மேலே வந்தவுடன் ஒரு பக்கத்து இருக்கை வரிசையை இடித்துக் கட்டவேண்டி வந்தது. ஒரு கோடி பவுண் அளவு செலவு. ஓகஸ்டுக்கு வேலை முடியாததால் பேர்ன்லியோடு நடக்கவிருந்த முதல் உள்ளூர் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். செப்டம்பர் முதலாம் திகதி வெஸ்ட் ஹாம் வந்தபோதுதான் இந்தத் தெருவுக்குப் பிரீமியர் லீக் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆட்டங்களை இந்த நாட்டில் ரீவியில் நேரடியாகக் காட்டமாட்டார்கள். டிக்கெட் இல்லாத சனிக்கிழமைகளில் நான் குசினி யன்னலைத் திறந்துவைத்துக் கேட்பேன். கோல் விழுந்தால் ஒரு இரைச்சல், மயிரிழையில் தவறினால் இன்னொன்று. வருட முடிவில் என் சின்னவளுக்கே இரண்டும் பிடிபட்டுவிட்டது.

இனி உனக்கும் எனக்கும் பொதுவான நாள். நவம்பர் 5, லிவர்பூல் இங்கே வந்தது. 80ஆவது நிமிடத்தில் தஹித் சொங் கோல் அடித்தபோது பெரியவர் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். மேலதிக நேரத்தில், 95ஆவது நிமிடம், லூயிஸ் டியஸ் தலையால் அடித்துச் சமன்செய்தார். அவருடைய தகப்பனைக் கொலம்பியாவில் ஆயுதக்குழு கடத்தி வைத்திருந்த நேரம் அது. அடித்ததும் மேற்சட்டையைத் தூக்கி, உள்ளே எழுதியிருந்ததைக் காட்டினார், அப்பாவுக்கு விடுதலை என்று. கைக்குள் வந்த வெற்றி போனது நெஞ்சைப் பிசைந்தது. ஆனால் அந்தப் பெடியன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காணாமல் போனவர்களைத் தேடி வாசலில் நின்ற தாய்மாரை நாங்கள் இரண்டு பேரும் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா. சில நாளில் தகப்பன் விடுவிக்கப்பட்டபோது நானும் கும்பிட்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் ஹில்ஸ்பரோவைச் சாடைகாட்டிப் பாடியது. 1989இல் மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிர் போன இடத்தைக் காட்டி ஏளனம் செய்வது விளையாட்டு இல்லை. கழகம் பிறகு மன்னிப்புக் கேட்டது. நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, பெருந்தன்மைதான். நானாவது சொல்லவேண்டும்: எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்தாம் திகதி ஆர்சனலோடு 3-2 என்று முன்னால் நின்று, 97ஆவது நிமிடத்தில் டெக்லன் ரைஸின் தலையடியால் 4-3 என்று தோற்றோம். அன்றிரவு நித்திரை வரவில்லை. பதினொரு நாள் கழித்து அந்தத் தோல்வி ஒன்றுமே இல்லாமல் போனது. போர்ன்மத்தில் ஆட்டம், 1-1. நான் விமான நிலையத்தில் வேலை, தேநீர் நேரம். ஃபோனில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். 59ஆவது நிமிடம், வர்ணனையாளரின் குரல் திடீரெனத் தாழ்ந்தது. எங்கள் தலைவர் டொம் லொக்யர் பந்து இல்லாத இடத்தில் தானாகவே விழுந்துவிட்டார் என்றார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. மே மாதம் வெம்பிளியில், கழகத்தை மேலே கொண்டுவந்த அதே இறுதியாட்டத்திலும் விழுந்தவர் அவர். பெனால்டியில் நாங்கள் கொவென்றியை 6-5 என்று வென்றதை ஆஸ்பத்திரியிலிருந்துதான் அவர் பார்த்தார். இந்தமுறை முகாமையாளர் ரொப் எட்வேர்ட்ஸ் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார். ஆட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. தேநீர் ஆறிப்போய் ஆடை படியும்வரை நான் அந்த மேசையிலேயே இருந்தேன்.

மனிதன் பிழைத்தார். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த சனிக்கிழமையே நியூகாசிலை 1-0 என்று வென்றோம், பிறகு ஷெஃபீல்ட் யுனைட்டெட்டை 3-2 என்று. ஜனவரி 30 பிரைட்டன் வந்தது. முதலாவது நிமிடமே முடியமுன் எலைஜா அடெபாயோ அடித்தார், மூன்று கோலும் அவர்தான், 4-0. அன்று கடைசி மூன்று இடங்களுக்கு வெளியே நின்றோம். பெரியவர் பட்டியலைப் பேப்பரிலிருந்து வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார்.

அதற்குப் பிறகு ஒரேயொரு வெற்றி, மச்சான். நாலு மாதத்தில் ஒன்று.

எந்த நாள் எங்களை முறித்தது என்று கேட்டால் மார்ச் 13 என்பேன். கைவிட்ட அந்தப் போர்ன்மத் ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஆடவேண்டும். லொக்யரும் அங்கே வந்து, தன் உயிரை மீட்ட மருத்துவக் குழுவுக்கு நன்றி சொன்னார். இடைவேளையில் 3-0, நாங்கள் முன்னால். கதையே எழுதி முடித்த மாதிரி இருந்தது. இரண்டாம் பாதியில் நாலு கோல் வாங்கி 4-3 என்று தோற்றோம். காயக்காரரின் பட்டியல் நீளம், நின்றவர்களுக்குக் காலில் பலம் இல்லை.

செலவு விதியை மீறியதற்காக எவர்ட்டனுக்கும் ஃபொரஸ்டுக்கும் புள்ளி வெட்டியது போதாது என்று இங்கே கன ஆக்கள் முறைப்படுகிறார்கள். எவர்ட்டனுக்குப் பத்து வெட்டி, ஆறாகக் குறைத்து, பிறகு இரண்டு. ஃபொரஸ்டுக்கு நாலு. 2008இல் லூட்டனுக்கு வெட்டியதோ முப்பது! பருவம் தொடங்கமுன்பே கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி. நாலு பிரிவு கொண்ட லீக்குக்கே வெளியே ஐந்து வருடம் கிடந்தார்கள். அந்தக் காயம் இந்த ஊருக்கு ஆறாது, அது நியாயம். ஆனால் இந்த வருடத்துக்கு அதைச் சாட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டின பிறகும் ஃபொரஸ்டிடம் 32 புள்ளி. எங்களிடம் 26. நாங்கள் வாங்கிய கோல் 85. அடித்தது 52, இறங்குகிற அணிக்கு அது சின்னத் தொகை இல்லை. வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் போய்ச் சண்டை பிடித்தோம். எட்வேர்ட்ஸ் அப்படித்தான் ஆடுவோம் என்று தீர்மானித்தார். பயந்து பின்னால் குந்தியிருந்தால் 26 புள்ளிகூட வந்திராது என்பது என் எண்ணம்.

பெலி ரடொக் எம்பன்சு என்று ஒரு வீரன். லீக்குக்கு வெளியே கிடந்த காலத்தில் இங்கே வந்தவன். ஒவ்வொரு படியாக, ஒரே கழகத்தோடு, பிரீமியர் லீக் வரை ஏறிய முதல் ஆள் அவன்தான். கடைசி நாள் வீரர்கள் சுற்றி வந்தபோது பெரியவர் அவனைத்தான் விரலால் காட்டினார். பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உன் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்தக் கை மச்சான். வேறுமாதிரி எழுதத் தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவன் யூனிவர்சிட்டிச் சோதனை முடித்துவிட்டு நித்திரை கொள்கிறான். அம்மாவின் திவசம் அடுத்த மாதம்.

ஓகஸ்டில் சாம்பியன்ஷிப், அதாவது நாங்கள் இறங்கின இரண்டாம் பிரிவு, தொடங்குகிறது. பவர் கோர்ட் என்ற இடத்தில் புது மைதானம் கட்டுகிற திட்டம் இருக்கிறது. கெனில்வேர்த் வீதி இருக்கும்போதே நீ ஒருக்கால் வரவேண்டும். இதைப் பெரியவரிடமும் சொன்னேன். இந்தக் காலோடு இனி எல்லா ஆட்டத்துக்கும் படியேற முடியாது, வருகிற நாளைச் சொல்லச் சொல், என் கதிரையை உன் சிநேகிதனுக்கு விடுகிறேன் என்றார். முழங்கால் எப்போது வளையும் என்று டொக்டரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்