கோர்ட்டுக்குப் போன சித்திரங்கள்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். கேஸ் கட்டுகளைத் தொட இன்னும் கொஞ்ச நாள் பொறு. இங்கே மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் கோவைக்குப் போகிறாள்.

நாட்டைப் பிடித்தவன் வைத்த கோர்ட்டில் நியாயம் கேட்பது அவனுக்குத் தலைவணங்குவதுதானே என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மெக்சிகோவின் உவெசோட்சிங்கோ ஊர்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஊரின் பூர்வகுடிகளான நாவா மக்கள், அப்போது அங்கே ஆதிக்கம் செலுத்திய அஸ்டெக்குகளுக்கு எதிராக, ஸ்பானியத் தளபதி கோர்டெஸுடன் சேர்ந்து நின்றவர்கள். 1521இல் ஸ்பானியர் வென்றார்கள். ஊரின் வரி கோர்டெஸுக்குப் போயிற்று. அவர் ஸ்பெயின் போயிருந்த சமயத்தில் நூன்யோ தெ குஸ்மான் தலைமையிலான ஸ்பானிய அதிகாரிகள் ஊரைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்து கண்டபடி வசூலித்தார்கள். திரும்பி வந்த கோர்டெஸ் 1531இல் அவர்கள்மேல் வழக்குப் போட்டார். வழக்கு அவருடையது, சாட்சி ஊராருடையது.

அந்தச் சாட்சியை நீ பார்க்க வேண்டும், சுந்தரம்! எட்டுத் தாள்கள். ஆனைக்கற்றாழை நாரிலும் அத்தி மரப்பட்டையிலும் அவர்களே செய்தவை. மக்காச்சோளம், அவரை, மிளகாய், வான்கோழி, துணி, சுண்ணாம்பு என்று கொடுத்ததையெல்லாம் வரைந்திருக்கிறார்கள். ஒரு துணிக்கொடி வரைந்தால் இருபது என்று கணக்கு. மரம்போல ஒரு குறி நானூறு. நீ ஆவணங்களை எண்ணிட்டுத் தாக்கல் செய்வாயே, அதேபோல ஸ்பானிய நீதிமன்றம் இவற்றை வழக்குக் கட்டில் சேர்த்துக்கொண்டது.

ஒரு தாளில் குழந்தையை ஏந்திய மாதா. குஸ்மானின் படையெடுப்புக்காகப் பொன்னும் இறகும் வைத்து ஊரார் செய்துகொடுத்த கொடி அது. அந்தப் பொன்னை வாங்க ஆணும் பெண்ணுமாக இருபது அடிமைகளை விற்றிருக்கிறார்கள். விற்றதும் ஊரார்தான். 1538இல் ஸ்பெயின் மன்னர் கார்லோஸ், வாங்கிய வரியில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தரச் சொன்னார். ஊர் ஜெயித்தது. ஆனால் அந்த இருபது பேர் வழக்கில் யார்? செலவுக் கணக்கில் ஒரு இனம், அவ்வளவே. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

அந்த ஊர் அதோடு ஓயவும் இல்லை. 1560இல் ஊர்ச்சபையார் தங்கள் நாவாட்ல் மொழியிலேயே, லத்தீன் எழுத்தில், அடுத்து வந்த மன்னர் பிலிப்புக்கு எழுதினார்கள்: போரில் துணை நின்றோம், எங்கள்மேல் 14,800 பெசோ வரியா? வெறும் கெஞ்சல் என்று அதை ஒதுக்காதே. கொடுத்த கடனைக் கேட்பவரின் குரல் அதில் இருக்கிறது. 1592இல் மெக்சிகோவில் இந்தியர் பொது நீதிமன்றம் என்றே ஒன்று அமைந்தது. அங்கத்திய பூர்வகுடிகளைத்தான் ஸ்பானியர் இந்தியர் என்றார்கள். அதன் செலவுக்கும் வருடத்துக்கு அரை ரியால் (ஸ்பானிய வெள்ளி நாணயம்) கட்டியவர்கள் அந்தப் பூர்வகுடிக் குடும்பங்களே. நிலம், மேய்ச்சல், கட்டாய வேலை என்று வழக்குகள் குவிந்தன.

ஆகவே என் பதில் இது: மன்னரை மன்னர் என்று ஒப்புக்கொண்டுதான் பேசினார்கள். அந்த விலை பெரிது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர்கள் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. வரி மட்டும் அப்படியே போயிருக்கும். முப்பது வருடம் வாதாடியவன் நீ. அந்த இருபது பேருக்காக வக்காலத்துப் போட வேண்டியிருந்தால் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்திருப்பாய்? கண் தேறியதும் விரிவாக எழுது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு