எல்லை எண்ணோடு வெப்பநிலையையும் சொல்லிக்கொடுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் தீப்பாதுகாப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஹைட்ரஜன் காற்றில் எத்தனை விழுக்காட்டில் எரியும் என்றால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 4 முதல் 75 என்கிறார்கள். டெட்டனேஷன் (தீ ஒலியைவிட வேகமாக, அதிர்வலையோடு சேர்ந்து பாயும் வெடிப்பு) எல்லை? 18.3 முதல் 59. சரி, எந்த வெப்பநிலையில் என்று கேட்டால் பேச்சில்லை. போன மாதம் ஒரு பையன் கல்லூரி நோட்டையே எடுத்துக் காட்டினான். எண்களுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு, பக்கத்தில் டிகிரி என்ற சொல்லே இல்லை.

அந்த 18.3 அறை வெப்பநிலையில், குறுகலான குழாய்களில் அளந்தது. 1980களில் அமெரிக்காவின் சான்டியா ஆய்வகத்தில் 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் சூடேற்றிப் பார்த்தார்கள். 20 டிகிரியில் கீழ் எல்லை 11.6 விழுக்காடு, 100 டிகிரியில் 9.4. அதாவது நோட்டை நம்புகிறவர் பத்து விழுக்காட்டில் நிம்மதியாக இருப்பார், சூடான பெரிய குழாயிலோ அதே கலவை டெட்டனேஷனுக்குப் போய்விடும்.

காரணமும் பிள்ளைகளுக்குப் புரியக்கூடியதுதான். டெட்டனேஷன் அலையின் முன்னால் போகும் அதிர்வலை கலவையை நசுக்கிச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் கலவை சட்டென்று பற்றினால்தான் அலைக்குப் பின்னாலிருந்து உந்துதல் கிடைக்கும், தாமதித்தால் அலை செத்துவிடும். கலவை ஏற்கெனவே சூடாக இருந்தால் அந்தத் தாமதம் மளமளவென்று குறைகிறது, அதனால் ஹைட்ரஜன் குறைவான கலவையும் தாக்குப்பிடிக்கிறது. தொடக்க அழுத்தம் மாறாதபோது சூடான வாயுவின் அடர்த்தி குறைவு என்பதால் வெடிப்பின் அழுத்தம் என்னவோ குறையும். ஆனால் வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறதே, அதுதான் என் கவலை.

நீராவி கலந்தால் கதையே வேறு. நீராவி பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஹைட்ரஜன் பற்றாமலே இருக்கலாம். அப்புறம் சூடு தணிந்து ஆவி நீராக இறங்கினால் ஹைட்ரஜனின் பங்கு தானாக ஏறிவிடும். அணு உலை விபத்தில் ஹைட்ரஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்கள் வெடித்துச் சிதறியதை வகுப்பில் காட்டும்போது இதையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள்.

அடுத்த தேர்வில் 'எல்லை என்ன' என்று கேட்காதீர்கள். 100 டிகிரியில் உள்ள குழாயில் 10 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள்.