ஸ்ட்ரிக்ட் மோடையும் டெஸ்ட் செய்யுங்கள்: பில்ட் கருவியின் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நிரலைத் தொகுத்து டெஸ்டுகளை ஓட்ட, ஆறு ஆண்டுகளாக உங்கள் பில்ட் கருவியைத்தான் பயன்படுத்தி வருகிறேன். ஸ்கிரிப்டில் பிழை வந்தால் பில்டை நிறுத்த வேண்டிய ஸ்ட்ரிக்ட் மோட், போன மாத வெளியீட்டில் சில பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது உங்களுக்கே தெரியும். புகார்கள் குவிந்தன, நீங்களும் இரண்டே நாளில் திருத்தம் வெளியிட்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்தத் திருத்தத்தோடு ஒரு டெஸ்ட்கூட வரவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டெஸ்டுகளை ஓட்டும் வரி, வருவதையெல்லாம், ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கடத்தும் பைப் வழியாக ‘டீ’ (tee) கட்டளைக்கு அனுப்பி லாக் கோப்பில் சேமிக்கும். கட்டளைகளை இயக்கும் ஷெல்லின் வழக்கப்படி, பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடுதான் (வென்றதா தோற்றதா என்று முடியும்போது சொல்லும் எண்) வரி முழுவதற்கும். முன்னால் டெஸ்ட் தோற்றாலும், பின்னால் ‘டீ’ ஒழுங்காக எழுதி முடித்தால் வெற்றி என்று பொருள்படும் பூஜ்யம்தான் திரும்பும். இதைத் தடுக்கத்தான், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் வரியே தோற்றதாகச் சொல்லும் ‘பைப்ஃபெயில்’ (pipefail) இருக்கிறது. பாஷ் (bash) என்ற ஷெல்லில் பல காலமாக இருக்கும் வசதி அது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் (POSIX) 2024 பதிப்பிலும் சேர்ந்துவிட்டது. ஸ்ட்ரிக்ட் மோடை இயக்கினால் இதுவும் சேர்ந்தே இயங்கும் என்று உங்கள் ஆவணம் சொல்கிறது. நாங்கள் நம்பினோம். புதிய வெளியீட்டில் அது முதன்மை ஸ்கிரிப்டோடு நின்றுவிட்டது, துணை ஸ்கிரிப்டுகளுக்குப் போகவில்லை. எங்கள் டெஸ்ட் வரி இருந்ததோ துணை ஸ்கிரிப்டில்.

11 நாட்கள் டெஸ்ட் தோற்றுக்கொண்டே இருந்தது. 11 நாட்களும் பில்ட் பச்சை காட்டியது. அந்த இடைவெளியில் மூன்று முறை பயனர்களுக்குப் புதிய பதிப்பு அனுப்பிவிட்டோம்.

தேதிக் கணக்கு தப்பாக வருகிறது என்று பயனர்கள் சொல்ல ஆரம்பித்ததும், அந்தப் பகுதியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று தேடினோம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் எல்லோரும் அவரைத்தான் கேட்டோம். இரண்டு இரவு தூங்காமல் தன் நிரலை வரி வரியாகப் படித்தார். டெஸ்ட் எல்லாம் ஓடித்தானே பச்சை வந்தது, அப்படியானால் தன் டெஸ்டே தப்பா என்று என்னிடம் கேட்டார். பில்ட் பச்சையாக இருந்தால் நம்பலாம் என்று அவர் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மூன்றாம் நாள் பழைய லாக் கோப்புகளைத் திறந்தபோது, தோற்ற டெஸ்டின் பெயர் அவற்றில் தெளிவாக இருந்தது. அவர் எழுதிய டெஸ்ட்தான். வேறொருவர் செய்த மாற்றத்தை அது முதல் நாளே பிடித்திருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

அப்புறம் நானே ஒரு வேலை செய்தேன். நீங்கள் திருத்தம் செய்து விட்ட பதிப்பை நிறுவிக்கொண்டு, ஸ்ட்ரிக்ட் மோட் பிடிக்கும் என்று ஆவணத்தில் பட்டியலிட்டிருக்கும் பிழைகளில் ஒன்பதை எடுத்து, ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே செய்யும் ஒன்பது சின்ன ஸ்கிரிப்டுகளை எழுதி ஓட்டினேன். ஒன்பதும் தோற்றிருக்க வேண்டும். நான்கு பச்சையாக வந்தன. அதில் ஒன்று, ஃபங்ஷனுக்குள் ‘லோக்கல்’ என்று அறிவிக்கும் அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை மாறியில் (variable) போடுவது. கட்டளை தோற்றாலும் ‘லோக்கல்’ வெற்றி என்றே திருப்பும். ஷெல் ஸ்கிரிப்டுகளில் தவறு தேடும் ஷெல்செக் கருவி இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. இன்னொன்று, துணை ஸ்கிரிப்டில் பெயரைத் தப்பாக எழுதிய மாறி. அது வெற்றாக விரிந்து, அழிக்கும் கட்டளையில் போய் உட்கார்கிறது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய மாறி வெற்றாகிப் போய், பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

இது எப்படித் தப்பியது என்று உங்கள் டெஸ்ட் ஃபோல்டரைப் பார்த்தேன். ஸ்ட்ரிக்ட் மோடுக்கு டெஸ்டுகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே வகை: சரியாக எழுதிய ஸ்கிரிப்ட், ஸ்ட்ரிக்ட் மோடில் தடையில்லாமல் ஓடுகிறதா? தவறான ஸ்கிரிப்டைக் கொடுத்து, பில்ட் நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரிக்ட் மோடை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தாலும் அந்த டெஸ்டுகள் எல்லாம் தேறும். நான் எறிந்து பார்த்தேன், தேறின.

கடந்த நான்கு வெளியீடுகளின் குறிப்புகளையும் படித்தேன். வண்ண வெளியீடு, புது முன்னேற்றப் பட்டை, மூன்றாவதாக ஒரு கான்ஃபிக் வடிவம், பெயர் மாறிய ஆப்ஷன்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்டுகளைத் திருத்துவது நாங்கள். பதிப்பு மாற்றாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது என்கிறீர்கள், மாற்றினால் பழைய உத்தரவாதம் உடைகிறது. இதைப் பற்றிக் கேட்டவருக்கு, “தேவையானவர்கள் எழுதித் தரட்டும்” என்று உங்களில் ஒருவர் பதில் போட்டிருந்தார். சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் நீங்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் வலித்தது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஸ்ட்ரிக்ட் மோட் பிடிக்கும் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பிழைக்கும், அந்தப் பிழையைச் செய்யும் ஒரு ஸ்கிரிப்டை டெஸ்டாக வையுங்கள். முதன்மை ஸ்கிரிப்டில் ஒன்று, துணை ஸ்கிரிப்டில் ஒன்று, ஃபங்ஷனுக்குள் ஒன்று. பில்ட் நின்றால் மட்டுமே டெஸ்ட் தேற வேண்டும். அது தேறாமல் எந்த வெளியீடும் போக வேண்டாம். பிடிக்க முடியாதவை இருந்தால் ஆவணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இஃப்’ நிபந்தனையில் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள், கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘செட் மைனஸ் இ’ (set -e) செயல்படாது என்பது ஷெல்லின் விதி. அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்கும் என்று எழுதிவிட்டுப் பிடிக்காமல் விடுவதுதான் பிரச்சினை.

என் ஒன்பது ஸ்கிரிப்டுகளையும் உங்கள் டெஸ்ட் வடிவத்துக்கே மாற்றி அனுப்பியிருக்கிறேன். அதில் ஏறக்குறைய பாதியை அப்படி மாற்றி எழுதியவர் அந்தப் புதிய சகப் பணியாளர்தான். அடுத்த வெளியீட்டுக்கு முன் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வேறு வடிவத்தில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கருவியைத் தினமும் ஓட்டும் ஒரு நிரலாளர்