ஆறு எதிரே வந்தால் நீ ஏறுகிறாய்

அன்புள்ள அம்முவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. கொலராடோ மலைப்பக்கத்துக் கார்பண்டேல் ஊரில் சைக்கிளை எடுத்து, அடுத்த ஊரான பாசால்ட் வரை போனதும் கால் சோர்ந்து திரும்பிவிட்டதாகச் சொன்னாய். "சமதரைதான்ப்பா, அதுலயே என்னால முடியல" என்றாய். உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். உன் குரலில் இருந்த சலிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மு, நீ போன வழி சமதரையே கிடையாது.

அந்தத் தார்ப்பாதைக்கு இப்போது ரியோ கிராண்டே ட்ரெயில் என்று பெயர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. க்ளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்து ஆஸ்பென் வரை 42 மைல். க்ளென்வுட் சுமார் 5,750 அடி உயரத்தில் இருக்கிறது, ஆஸ்பென் சுமார் 7,900 அடியில். உயர வித்தியாசத்தைத் தூரத்தோடு வைத்துக் கணக்குப் போட்டால், சராசரியாக நூறு அடிக்கு ஒரு அடி ஏற்றம் வருகிறது. 'ஒன் இன் ஹண்ட்ரட்' என்று ரயில்வேக்காரர்கள் நாங்கள் சொல்வோம். இத்தனை வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், அதை யாரும் லேசான ஏற்றம் என்று சொல்ல மாட்டார்கள். கனமான சரக்கு வண்டி என்றால் இன்னொரு என்ஜின் சேர்க்கலாமா என்று யோசிக்க வைக்கும் ஏற்றம் அது. கார்பண்டேலிலிருந்து பாசால்ட் வரை மட்டும் நீ 400 அடிக்கு மேல் ஏறியிருக்கிறாய். நாற்பது மாடி என்று வைத்துக்கொள்.

அப்புறம் ஏன் தட்டையாகத் தெரிகிறது? சுற்றிலும் பெரிய மலைகள். சோப்ரிஸ் மலை மட்டுமே 13,000 அடியை நெருங்குகிறது. அதன் பக்கத்தில் நூறுக்கு ஒன்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். ரோடு ஏறும், இறங்கும். இறங்கும்போது கால் ஓய்வெடுக்கும். ரயில் பாதை அப்படிப் போவதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு, செங்குத்தாக ஏறச் சொன்னால் சக்கரம் வழுக்கும். நீலகிரி ரயிலுக்கு நடுவில் பல் தண்டவாளம் போட்டதே அதனால்தான். அங்கே ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று. பல் இல்லாமல் ஏற்ற வேண்டுமானால், மேடு வந்தால் வெட்ட வேண்டும், பள்ளம் வந்தால் மண் கொட்டிக் கரை எழுப்ப வேண்டும், ஒரே சீராகக் கொண்டுபோக வேண்டும். நீ மிதித்தது அந்தச் சீரான ஏற்றத்தை. அதில் கால் இளைப்பாற இடமே இருக்காது. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

சந்தேகம் வந்தால் ஆற்றைப் பார். அந்தப் பாதை ரோரிங் ஃபோர்க் ஆற்றை ஒட்டியே போகிறது. தண்ணீர் உனக்கு எதிரே வந்தால் நீ ஏறுகிறாய் என்று அர்த்தம். கண் பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாது.

நானும் அம்மாவும் அங்கே வந்திருந்தபோது கார்பண்டேல் பக்கம் நாம் கொஞ்ச தூரம் நடந்தோமே, நினைவிருக்கிறதா? வளைவு ஒவ்வொன்றிலும் நான் நின்று நின்று பார்த்தேன், அம்மா சலித்துக்கொண்டாள். இவ்வளவு நிதானமாகத் திரும்பும் வளைவை மாட்டு வண்டிக்காகவோ காருக்காகவோ யாரும் போட மாட்டார்கள். தண்டவாளமும் கட்டைகளும் ஜல்லியும் போய்விட்டன. ஆனால் பக்கத்துக் கால்வாயும் கரையும் வளைவும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அது போதுமாக இருந்தது.

1887-ல் வந்த பாதை அது. ஆஸ்பெனில் வெள்ளிச் சுரங்கங்கள் செழித்திருந்த நேரம். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. டென்வர் அண்ட் ரியோ கிராண்டே அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது. கொலராடோ மிட்லேண்ட் சில மாதம் கழித்து 1888-ல் வந்தது. ஆனால் முதலில் வந்தவர்கள் போட்டது மூன்றடி அகல நேரோ கேஜ், பின்னால் வந்தவர்களுடையது அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ். கடைசியில் 1890-ல் ரியோ கிராண்டேக்காரர்களும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று. 1893-ல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் ஆஸ்பென் சரிந்தது.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் பிறகு நடந்ததுதான். ரயில் நின்ற பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிட்டால் திரும்பச் சேர்க்கவே முடியாது. அமெரிக்காவில் 1983-ல் சட்டத்தைத் திருத்தி அதற்கு ஒரு வழி செய்தார்கள்: பிற்காலத்தில் ரயில் வேண்டுமானால் வரட்டும், அதுவரை அந்த நிலம் துண்டாகாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இருக்கட்டும் என்று. 1997-ல் அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களும் மாவட்டங்களும் சேர்ந்து பாதையின் பெரும்பகுதியை வாங்கி, இந்த ஏற்பாட்டில் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அதனால் சட்டப்படி அந்தப் பகுதி இன்னும் ரயில் பாதைதான். நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

சரி, மறுபடி போவாய்தானே? போ. ஒரே நாளில் ஆஸ்பென் என்று கிளம்பாதே. முதலில் க்ளென்வுட்டிலிருந்து கார்பண்டேல், சுமார் 12 மைல், முழுக்கத் தார். அதன் ஏற்றமும் நீ ஏறியது போலத்தான் இருக்கும். அடுத்த வாரம் கார்பண்டேலிலிருந்து பாசால்ட். பாசால்ட்டுக்கு மேலே ஏற்றம் கூடுகிறது, ஆஸ்பென் வரை இன்னும் சுமார் 1,300 அடி. வூடி க்ரீக் தாண்டி ஆஸ்பெனை நெருங்கும்போது சில மைல் தார் இல்லை, சரளைதான். மெல்லிய டயர் என்றால் யோசி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், மூச்சு வாங்கினால் பயப்படாதே, கியரைக் குறைத்துக்கொள். களைத்துப்போனால் சைக்கிளைப் பஸ்ஸின் முன்னால் இருக்கும் கம்பியில் மாட்டிவிட்டு ஏறிக்கொள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், காலையிலேயே கிளம்பு. பகலில் காற்று பெரும்பாலும் பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும். ஏறும்போது முதுகைத் தள்ளும், இறங்கும்போது முகத்தில் அடிக்கும். இறக்கம்தானே என்று திரும்பி வரத் தெம்பே வைக்காமல் போய்விடாதே.

ரோடு குறுக்கிடும் இடங்களில் மட்டும் கவனம், அம்மு. ரயில் ஓடிய காலத்தில் வண்டிகள் நின்றன, ரயில் போனது. இப்போது நிற்க வேண்டியவள் நீ. கார்க்காரர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு கடந்து போ. வலப்பக்கமாகவே ஓட்டு, முந்தும்போது குரல் கொடு.

டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, கேத்தரின் பாலத்துக்கும் ராக் பாட்டம் பண்ணைக்கும் நடுவே பாதையை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் மானும் எல்க் என்ற பெரிய மானும் இறங்கி வரும் இடம் அது. ஆளில்லை என்று உள்ளே போய்விடாதே, சுற்றிக்கொண்டு போ.

கார்பண்டேல் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. நம் ஊரில் எத்தனை மணியாக இருந்தாலும் பரவாயில்லை. வழியில் கல்வெர்ட், அதாவது பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலம், ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கல்லில் கட்டியதா கான்கிரீட்டா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா